திருட்டு பிரிண்ட்டை வீட்டில் பார்த்தா கேஸ் வருமா? பசங்க ஃபார்வர்ட் பண்ணினா என்ன ஆகும்? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு முதல் காட்சி. சாயங்காலத்துக்குள் டெலிகிராமில் லிங்க் வந்துவிடும். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அது ஃபேமிலி குரூப்பில் இருக்கும். அனுப்பியது பெரும்பாலும் வீட்டுப் பையனோ பொண்ணோதான். "பிரிண்ட் கிளியரா இருக்கா?" என்று கேட்பது அப்பா.

கடையில் ஒரு மிட்டாயைச் சொல்லாமல் எடுத்தால் முதுகில் ரெண்டு வைக்கும் வீடுகளில்கூட இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. செல்போனை அதிகம் பார்க்காதே, தெரியாத நம்பருக்குப் பேசாதே, கேம் ஆடாதே என்று ஆயிரம் கட்டுப்பாடு போடும் பெற்றோர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிள்ளையோடு சோபாவில் சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இது சரியா தப்பா என்பது அப்புறம். சட்டம் எந்த இடத்தில் சும்மா இருக்கிறது, எந்த இடத்தில் கையைப் பிடிக்கிறது என்பது பல வீடுகளில் தெரியவில்லை. அந்த எல்லையைத் தாண்டுவது பெரும்பாலும் பெற்றோர் இல்லை, பிள்ளைகள்.

கணக்குப் போட்டா நியாயம் மாதிரிதான் தெரியும்

மாமல்லபுரத்தில் நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். மல்டிபிளெக்ஸில் படம் பார்க்க வேண்டும் என்றால் ஈ.சி.ஆர். வழியாக வடக்கே கானத்தூர் மாயாஜாலுக்கோ, ஓ.எம்.ஆர். பக்கமோ போக வேண்டும். தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் அதிகபட்ச அடிப்படை விலை 2017 அக்டோபரில் 150 ரூபாயாக ஆனது. வரியெல்லாம் சேர்ந்தால் 200-ஐ நெருங்கும். நாலு டிக்கெட், ஆன்லைன் புக்கிங் கட்டணம், போக்குவரத்து, இடைவேளையில் பசங்க கேட்கும் பாப்கார்ன் என்று கூட்டினால் ஆயிரம் ரூபாய் நோட்டே இல்லாத காலத்தில் ஆயிரத்துக்கு மேல் போய்விடும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டிய தொகை.

ஓ.டி.டி. இருக்கே என்றால், அங்கேயும் ஒரு படம் ஒன்றில், இன்னொன்று இன்னொன்றில். நாலு சப்ஸ்கிரிப்ஷன் போட்டால்தான் நாலு ஹீரோ படமும் பார்க்க முடியும். அதனால் "நாம என்ன வித்தோமா? வீட்டுக்குள்ளதானே பார்க்கிறோம்" என்ற சமாதானம் சுலபமாக வந்துவிடுகிறது.

கஷ்டப்பட்டவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனமும் இந்திய இணையதள மற்றும் மொபைல் சங்கமும் 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவில் படம், சீரிஸ், பாட்டு என்று பார்ப்பவர்கள், கேட்பவர்களில் 51 சதவீதம் பேர் திருட்டு வழியைத் தொட்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலின் அளவு 2023-ல் 22,400 கோடி ரூபாய். அதில் 13,700 கோடி தியேட்டர் படங்கள், 8,700 கோடி ஓ.டி.டி. சரக்கு. ஆளுக்கு ஆள் திருடர் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய எண்ணிக்கை இல்லை இது.

"காப்பிதானே எடுத்தோம், எதைத் தூக்கிட்டுப் போனோம்?"

இந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. ஒரு கடையிலிருந்து சிலையைத் தூக்கிக்கொண்டு போனால் கடைக்காரருக்கு ஒரு சிலை குறையும். படத்தை டவுன்லோட் பண்ணினால் தயாரிப்பாளரிடம் படம் அப்படியேதான் இருக்கும். சட்டமும் இதைத் 'திருட்டு' என்ற பிரிவில் வைக்கவில்லை, 'பதிப்புரிமை மீறல்' என்றுதான் சொல்கிறது.

ஆனால் எதுவும் குறையவில்லை என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. இது மாமல்லபுரத்துக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. ஊர் முழுக்க உளிச் சத்தம் கேட்கும் இடம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கேயோ மெஷினில் வெட்டிய கல்லை 'மாமல்லபுரம் சிற்பம்' என்று சொல்லி விற்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. அப்படி விற்பவர் இங்கிருக்கும் சிற்பியின் பட்டறையிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறார். போவது சிற்பியின் வருமானம்.

சினிமாவில் இந்த அடி பெரிய ஹீரோவுக்கு விழுவதைவிட சின்னப் படத்துக்குத்தான் பலமாக விழுகிறது. பெரிய படம் முதல் மூன்று நாளில் வசூலை எடுத்துவிடும். பேச்சு பரவி இரண்டாவது வாரம் கூட்டம் வர வேண்டிய சின்னப் படத்துக்கு, இரண்டாவது வாரமே இருக்காது.

சரி, பார்த்தா ஜெயிலா?

வெறுமனே பார்ப்பதற்கு இல்லை என்பதுதான் நீதிமன்றம் சொன்னது. 2016-ல் 'டிஷ்யூம்' இந்திப் பட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் இதைத் தெளிவுபடுத்தினார். பார்ப்பது குற்றம் இல்லை, அனுமதி இல்லாமல் உரிமையாளருக்குப் பாதிப்பு வரும்படி விநியோகிப்பது, பொதுவில் காட்டுவது, விற்பது அல்லது வாடகைக்கு விடுவதுதான் குற்றம் என்றார். தடை செய்யப்பட்ட சைட்டைத் திறந்தால் 'பார்ப்பதே தண்டனைக்குரியது' என்று அப்போது வந்த எச்சரிக்கை வாசகமும் அதன்பிறகு மாற வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு அப்பாக்கள் சந்தோஷப்பட வேண்டாம். டவுன்லோட் என்பது பார்ப்பது மட்டும் இல்லை, ஒரு பிரதி எடுப்பது. 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டத்தில் படத்தைப் பிரதி எடுக்கும் உரிமை உரிமையாளருக்கு மட்டும்தான். எலெக்ட்ரானிக் முறையில் சேமித்து வைப்பதும் அதில் அடங்கும். சொந்த உபயோகத்துக்கு 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் திருட்டு சைட்டிலிருந்து எடுத்த முழுப் படத்துக்கு அது கை கொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

பகிர்ந்தால் கதையே வேறு. சட்டத்தின் 63-வது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறினாலோ, அதற்கு உதவி செய்தாலோ 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது ஜாமீனில் வர முடியாத குற்றம், வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யலாம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தியேட்டரில் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தில் குறைந்தபட்சமே 3 மாதம் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். அபராதம் படத்தின் மொத்த தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை ஏறலாம். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் 'ராயன்' படத்தைப் பதிவு செய்தபோது மதுரை இளைஞர் ஒருவரைக் கேரள போலீஸ் பிடித்தது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டமும் இருக்கிறது. 2004-லேயே 'வீடியோ பைரேட்ஸ்' அதில் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். அது திருட்டு வி.சி.டி. காலம்.

பசங்க மாட்டுவது இங்கேதான்

2015-ல் மலையாளத்தில் 'பிரேமம்' வந்து ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் சென்சார் பிரதி இணையத்தில் கசிந்தது. போலீஸ் தேடிக்கொண்டு போனபோது முதலில் சிக்கியவர்கள் கொல்லம் பக்கத்து மாணவர்கள். கசியவிட்டவர்கள் அவர்கள் இல்லை. சென்சார் அலுவலகத் தற்காலிக ஊழியர்கள் பின்னால்தான் கைதானார்கள். மாணவர்கள் செய்தது, கைக்கு வந்ததை நெட்டில் ஏற்றியது. காசுக்காகக் கூட இல்லாமல், 'முதல்ல நான்தான் போட்டேன்' என்று காட்டுவதற்காக அப்லோட் செய்யும் வயசு அது.

நம் வீட்டில் இது எப்படி நடக்கும்? பையன் ஒரு டெலிகிராம் சேனல் தொடங்குவான். முதலில் கிளாஸ் நண்பர்கள் 30 பேர். நாலு படம் போட்டதும் மூவாயிரம் பேர். அவனைப் பொறுத்தவரை அது ஃபாலோயர்ஸ். சட்டத்தைப் பொறுத்தவரை அது விநியோகம், அவன் அட்மின்.

டொரன்ட் இன்னொரு பொறி. டொரன்ட் ஆப்பில் படம் இறங்கும்போதே, இறங்கிய துண்டுகளை அந்த ஆப் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதன் அமைப்பே அப்படித்தான். 'நான் பார்க்க மட்டும்தான் எடுத்தேன்' என்பவர், தனக்கே தெரியாமல் பகிர்ந்தவராகவும் ஆகிவிடுகிறார். பிராட்பேண்ட் இணைப்பு யார் பேரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பேரில். ஐ.பி. முகவரியை வைத்து விசாரித்தால் முதலில் வந்து நிற்கும் வாசல் அதுதான்.

18 வயதுக்குக் கீழ் என்றால் விஷயம் சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். அதிகபட்சம் 3 வருடம் வரை தண்டனை உள்ளவை அங்கே சிறு குற்றம் என்ற வகையில்தான் வரும். வாழ்க்கை முடிந்துவிடாது. ஆனால் பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் பெற்றோரும் பிள்ளையும் ஸ்டேஷனுக்கும் வாரியத்துக்கும் அலைவதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

"காசு கொடுத்துத்தானே பார்க்கிறோம்?"

எல்லா ஓ.டி.டி.யும் ஒரே பாக்ஸில், மாதம் சில நூறு ரூபாய் என்று ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போவார். லண்டன், டொரண்டோ தமிழர் வீடுகளில் இந்த ஐ.பி.டி.வி. பாக்ஸ் ரொம்பப் பிரபலம். காசு கொடுத்ததால் இது சட்டப்படி சரி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள்.

இதே நினைப்பில் மாட்டிய ஒரு அம்மா நியூயார்க்கில் இருந்தார். 2003 செப்டம்பரில் அமெரிக்க இசை நிறுவனங்கள் பாட்டு டவுன்லோட் செய்த நூற்றுக்கணக்கானோர் மேல் வழக்குப் போட்டன. அதில் ஒருவர் 12 வயது சிறுமி. அந்த டவுன்லோட் ஆப்புக்கு முப்பது டாலர் கிட்ட கட்டியிருந்ததால் எல்லாம் முறைப்படிதான் என்று அம்மா நம்பியிருந்தார். ஆப்புக்குக் கட்டிய காசு பாட்டுக்கு இல்லையே. கடைசியில் 2,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்.

அப்படியென்றால் பிள்ளை செய்ததற்குப் பெற்றோர்தான் பொறுப்பா? ஜெர்மனியில் இதற்கு ஒரு சுவாரஸ்யமான தீர்ப்பு இருக்கிறது. 13 வயது பையன் பாட்டுகளைப் பகிர்ந்த வழக்கில், 'இப்படிச் செய்யக் கூடாது' என்று பெற்றோர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள் என்பதால் அவர்கள் பொறுப்பில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்தது. பிள்ளையை எப்போதும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கோர்ட் எதிர்பார்க்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் இப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. இருந்தாலும், அப்படி ஒரு கேள்வி வந்தால் நம் ஊரில் எத்தனை அப்பா அம்மாவால் 'சொன்னோம்' என்று சொல்ல முடியும்? லிங்க் கேட்டதே அவர்கள்தான்.

இலவசம் இல்லை, வேறு யாரோ காசு கொடுக்கிறார்கள்

2025 நவம்பரில் 'ஐபொம்மா' சைட்டை நடத்தியவரை ஹைதராபாத் போலீஸ் கைது செய்தது. சோஷியல் மீடியாவில் அவரைத் திட்டியவர்களைவிட ஏழைகளின் நண்பன் என்று கொண்டாடியவர்கள் சத்தம்தான் அதிகம். ஆனால் போலீஸ் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படம் பார்க்க வந்தவர்களை அந்த சைட் பெட்டிங் ஆப்களின் பக்கம் தள்ளிவிட்டது என்கிறது போலீஸ். படம்தான் தூண்டில்.

பிளே பட்டனைத் தொட்டால் நாலு விளம்பரம் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சூதாட்டம் இருக்கும், ஆபாசம் இருக்கும். 'இந்த பிளேயரை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று ஏ.பி.கே. ஃபைல் கேட்கும். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டு உள்ளே வரும் ஆப்புக்கு பேங்க் ஓ.டி.பி.யும் எஸ்.எம்.எஸ்.தான். அந்த போன் பெரும்பாலும் அம்மாவுடையது. ஜிபே இருப்பதும் அதில்தான். அப்படிப் பணம் போனால் உடனே 1930-க்கு கூப்பிட வேண்டும். தாமதமாக ஆக, பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் குறையும்.

சைட்டை முடக்கினால் தீராதா?

தீரவில்லை. தனுஷ் நடித்த '3' படத்துக்காக 2012-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடையை வைத்து, இணைய நிறுவனங்கள் சம்பந்தமில்லாத விமியோ போன்ற தளங்களையும் சேர்த்து மூடின. கடைசியில் குறிப்பிட்ட லிங்க்கை மட்டும் முடக்குங்கள் என்று நீதிமன்றம் விளக்கம் தர வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் மத்திய அரசு 12 அதிகாரிகளை நியமித்து, புகார் வந்தால் 48 மணி நேரத்தில் முடக்க வழி செய்தது. 48 மணி நேரம் என்பது வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் வீட்டில் எல்லோரும் பார்த்து முடித்திருப்பார்கள்.

மேலே சொன்ன அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. விளம்பரம் நடுவில் வந்தாலும் பரவாயில்லை, இலவசமாக முறைப்படி கிடைத்தால் மாறிவிடுவோம் என்று திருட்டு வழியில் பார்ப்பவர்களில் 64 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். யூட்யூபில் தயாரிப்பு நிறுவனங்களே தங்கள் அதிகாரபூர்வ சேனலில் ஏற்றிய முழுப் படங்கள் ஏராளம். புதுப் படம்தான் வேண்டும் என்றால், பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. ஒரு மாதத்துக்கு மட்டும் ஒரு சப்ஸ்கிரிப்ஷன், அடுத்த மாதம் வேறு ஒன்று என்று மாற்றிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

தாத்தா பாட்டிக்குப் பழைய படம் எடுத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் படத்தின் பதிப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1965 பொங்கலுக்கு வந்த எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை'க்கு அந்தக் காலம் 2025 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பாடல் வரி, இசை ஆகியவற்றின் உரிமைக்குக் கணக்கு தனி.