சிலந்தி எங்கே இல்லை?
மக்கள் உதவியோடு தெளிவான நச்சுச் சிலந்தி வரைபடம்

அமெரிக்காவில் காரணம் புரியாமல் தோலில் புண் வந்தால் பலரும் முதலில் சந்தேகிப்பது பிரவுன் ரெக்லூஸ் சிலந்தியைத்தான். அதன் நஞ்சு கடிவாயைச் சுற்றியுள்ள திசுவை அழுகச் செய்யக்கூடும். பெரும்பாலான கடிகள் பெரிய பாதிப்பின்றி ஆறிவிடுகின்றன. ஆனாலும் அச்சம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சிலந்தியும் அப்படிப் பரவியிருக்கிறதா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ரிக் வெட்டர், விடை தேட மக்களையே அழைத்தார். பிரவுன் ரெக்லூஸ் என்று சந்தேகப்படும் சிலந்தியை அனுப்பினால் இனம் கண்டு சொல்வதாக இணையத்தில் அறிவித்தார். 49 மாநிலங்களிலிருந்து 1,773 உயிரிகள் வந்து சேர்ந்தன.

அடையாளம் எது?

முதுகில் வயலின் வடிவக் கறை இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அதை மட்டும் நம்ப முடியாது. தீங்கில்லாத பல சிலந்திகளுக்கும் அந்த இடத்தில் கரும்புள்ளி உண்டு. உருப்பெருக்கியில் கண்களைப் பார்ப்பதே நல்ல வழி. பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். இதற்கு ஆறுதான், இரண்டிரண்டாக, மூன்று இணைகளாக இருக்கும். வயிற்றில் கோலங்கள் இருக்காது; கால்களில் தடித்த முட்களும் இருக்காது.

முடிவு சொன்னது என்ன?

2005இல் வெளியான முடிவுகளின்படி, வந்தவற்றில் குறைந்தது 158 வகைச் சிலந்திகள் இருந்தன. சிலந்தியே அல்லாத உயிரிகளும் இருந்தன. பிரவுன் ரெக்லூஸின் தாயகம் மத்திய, தென்மத்திய மாநிலங்கள். அதுவும் அதன் நெருங்கிய உறவுச் சிலந்திகளும் அடங்கிய பேரினத்தின் வாழிடத்துக்கு முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ வெளியே உள்ள 29 மாநிலங்களில், 25இலிருந்து அந்தப் பேரினத்தில் ஒன்றுகூட வரவில்லை. மக்கள் பொறுக்கி எடுத்து அனுப்பியவை அவர்கள் கண்ணுக்கு மிகவும் சந்தேகமாகப் பட்டவை. அவற்றிலேயே இல்லை என்பதால் முடிவு இன்னும் வலுப்பெறுகிறது. வீட்டுச் சாமான்களோடு எப்போதாவது ஒன்றிரண்டு இடம் மாறலாம். அதை வைத்து அங்கே பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது.

தாயகத்திலும் கடி அரிதே. கான்சஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதங்களில் 2,055 பிரவுன் ரெக்லூஸ் சிலந்திகள் பிடிபட்டன. அங்கே குடியிருந்த நால்வரில் யாருக்கும் கடிபட்டதாகத் தெரியவில்லை.

உயிர் காக்கும் வரைபடம்

2001இல் நியூயார்க்கில் ஏழு மாதக் குழந்தைக்கு வந்த புண்ணை மருத்துவர்கள் முதலில் இந்தச் சிலந்தியின் கடி என்றே கருதினர். அது ஆந்த்ராக்ஸ் என்பது பிறகே தெரிந்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றும், தோல் புற்றுநோயும்கூட இப்படிச் சிலந்தியின் பெயரில் மறைந்துகொள்ளலாம். சிலந்தி எங்கே உண்டு, எங்கே இல்லை என்று காட்டும் வரைபடம் இங்கேதான் உதவுகிறது: சிலந்தி இல்லாத ஊரில் அதன்மேல் பழிபோட்டால் உண்மையான நோய்க்கான சிகிச்சை தாமதமாகும். ஆகவே, கடித்த சிலந்தியைப் பிடிக்க முடிந்தால் நசுங்கியிருந்தாலும் ஒரு சிறு டப்பாவில் இட்டு, பிடித்த இடமும் தேதியும் எழுதி நிபுணரிடம் காட்டுவது நல்லது. சிலந்தியைப் பார்க்கவே இல்லை என்றால், வேறு காரணம் இருக்குமா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.