டோர் பேடுக்குப் பின்னால் ஒரு கச்சேரி

காரைக்குடி 100 அடி ரோட்டுப் பக்கம் கார் அலங்காரக் கடைகளின் முன்பக்கத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தொங்கும் சீட் கவர், டேஷ்போர்டுப் பிள்ளையார், மூக்கைத் துளைக்கும் எலுமிச்சை சென்ட். அந்த சீட் கவர்களை விலக்கிக்கொண்டு பின்னால் போனால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறதே, அதற்குள் நுழைய இன்று அனுமதி கிடைத்துவிட்டது! வாங்க, நீங்களும் கூட வாங்க. கீழே பார்த்து நடங்க, ஸ்க்ரூ கிடக்கும்.

உள்ளே ஒரு எஸ்யூவி நாலு கதவையும் விரித்துப் போட்டு நிற்கிறது. டோர் பேடெல்லாம் கழன்று சுவரோரம் சாய்ந்திருக்க, கதவுக்குள் தகரமும் வயரும் பளிச்சென்று தெரிகின்றன. வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு ஆச்சி. மகன் வாங்கிக் கொடுத்த கார். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மேற்பார்வை நடக்கிறது. பக்கத்தில் எனாமல் தூக்கு. அதற்குள் என்ன என்பதிலேயே எனக்குப் பாதிக் கவனம்.

“சத்தம் கூட வேணாம் தம்பி. தவில் தவிலாக் கேக்கணும். தொம்முன்னு வர வேண்டியது இதுல டொக்குங்குது” என்கிறார்.

“செஞ்சுடலாம் ஆச்சி” என்று காருக்கு அடியிலிருந்து பதில் வருகிறது. கால் மட்டும்தான் தெரிகிறது. அதுதான் மாஸ்டர். கடையில் எல்லாருக்கும் ‘அண்ணே’.

வேலை இதுதான்: காரோடு கம்பெனியிலிருந்து வந்த சின்ன ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு, வெளியில் வாங்கிய நாலு சேனல் ஆம்ப் வைப்பது. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ அப்படியே இருக்கும். ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் அதோடு பின்னிக் கிடப்பதால் அதை யாரும் தொடுவதில்லை. ஒரு வயரைக்கூட வெட்டாமல், கப்ளருக்குக் கப்ளர் பொருத்துவதில்தான் அண்ணனுக்குப் பெருமை. “நாளைக்கே பழைய ஆம்ப் வேணும்னாலும் மாட்டிக்கலாம்.”

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் சீட் பக்கம் போகிறார்கள். “மஞ்சள் கப்ளர்னா ஏர்பேக். கை வைக்காதே” என்று கடைப் பையனுக்கு அண்ணன் ஞாபகப்படுத்துகிறார். சீட்டைத் தூக்கியதும் கீழே ஒரு புதையல்! காய்ந்த மல்லிகைச் சரம், பிள்ளையார்பட்டி விபூதிப் பொட்டலம், இரண்டு ரூபாய்க் காசு, பொம்மை லாரியின் சக்கரம் ஒன்று. ஆச்சி எழுந்தே வந்துவிட்டார். “இந்தச் சக்கரத்துக்காகப் பேரன் வீட்டைத் தலைகீழாப் புரட்டினான்!” அதைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டார். ஆம்ப்பை விட இதில்தான் அவருக்குச் சந்தோஷம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து சிவப்பு கேபிள். விரல் தடிமன்! பாட்டுக் கேட்க இவ்வளவா என்று வாய் பிளந்தேன். அண்ணன் கணக்குச் சொன்னார். வீட்டில் 500 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் ஓடுவதால் இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுத்தால் போதும். கார் பேட்டரி 12 வோல்ட்தான். அதே 500 வாட் வேண்டுமென்றால் 40 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மெல்லிய வயர் சூடாகி உருகிவிடும். அதனால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். சிவப்புக் கேபிள் வண்டியின் இடப்பக்கம் போகிறது, பாட்டைச் சுமக்கும் வயர் வலப்பக்கம். இரண்டும் ஒட்டிப் போனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்று ஒரு முனகல் ஏறுமாம்.

கொட்டகைக்குள் வெயில் தகரத்தைத் துளைக்கிறது. பெடஸ்டல் ஃபேன் சூட்டைத்தான் கிளறுகிறது. பையன் டிக்கிக்குள் மடங்கிப் படுத்து உப்புத்தாள் போடுகிறான். எர்த் வயரை முடுக்கும் இடத்தில் பெயின்ட் போய் வெறும் இரும்பு தெரிய வேண்டும். முதலில் வெள்ளைப் பெயின்ட் பொடியாக உதிர்கிறது, பிறகு சாம்பல் பிரைமர், கடைசியில் ஐந்து ரூபாய்க் காசளவு இரும்பு மின்னுகிறது. மூக்கு நுனியில் தொங்கிய வேர்வை அதில் விழப் போக, சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். “நனைஞ்சா துருப் பிடிச்சுடும்ணே.” இந்தக் காசளவு இரும்பை ஆச்சி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. தவில் தவிலாகக் கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது பென்சில் பேட்டரி வித்தை. ஸ்பீக்கர் வயரின் இரு முனையிலும் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ‘டப்’ என்று ஒரு சத்தம். கோன் துளி முன்னால் வருகிறது. வந்தால் பிளஸ் சரி. உள்ளே போனால் வயர் மாறிக் கிடக்கிறது. ஒரு ஸ்பீக்கர் தள்ள இன்னொன்று இழுத்தால் பேஸ் கரைந்தே போய்விடும். என்னையும் தொடச் சொன்னார்கள். டப்! இன்னொரு தரம் டப்!

தூக்கு திறந்தது. சீப்புச் சீடை! கறுத்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு எல்லாரும் ஒரு கை அள்ளினோம். ஆச்சிக்குப் பேச்சு சூடு பிடித்தது. இந்த ஊருக்கு ஒலி புதிதா என்ன? ஏ.வி. மெய்யப்பன் அப்பாவின் கடையில் கிராமபோன் இசைத்தட்டு விற்ற ஊர் இது. பிறகு இங்கேயே ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார். 1947இல் படம் வந்தது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிராமபோனைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழாய்க்கு ஆம்ப்பும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்று. நெகட்டிவைப் போட்டு ஸ்விட்சைத் திருப்பினால்... ஒன்றுமில்லை. அண்ணன் பையனைப் பார்க்கிறார். பையன் வயர்களைப் பார்க்கிறான். பிறகு மெல்லச் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஃபியூஸை வெளியே எடுக்கிறான். கொட்டகையே சிரித்தது.

முதல் பாட்டு ஆச்சி கேட்டது: 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகி குரலும் காருக்குறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும் போட்டி போடுமே, அது. அண்ணன் சத்தத்தை ஏற்றி, நாதஸ்வரம் கரகரக்கத் தொடங்கிய இடத்தில் ஆம்ப்பின் திருகை ஒரு மயிரிழை பின்னால் திருப்பி நிறுத்தினார். அடுத்தது தவில் கச்சேரி. தொம்! சீட்டில் அது முதுகைத் தொட்டது. ஆச்சியின் விரல்கள் கதவில் தாளம் போட்டன.

கூடவே டிக்கியிலிருந்து ‘கிர்ர்’. இதுவரை அடங்கிக் கிடந்த நம்பர் பிளேட், புது பேஸ் வந்ததும் குதிக்கிறது. பையன் உள்ளங்கையால் அதை அழுத்தினான், நின்றது. கையை எடுத்தான், கிர்ர். பின்னால் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினார்கள். அது அடங்கியதும் பின் கதவில் இன்னொன்று கிளம்பியது.

“ஓடுற வண்டியிலதான் மிச்சத்தைப் பிடிக்க முடியும்” என்றார் அண்ணன். “அப்ப பிள்ளையார்பட்டிக்கு விடுங்க” என்றார் ஆச்சி. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பையனைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். மடியில் ஸ்பாஞ்ச் டேப், வாயில் சீடை.

“கதவுல காதை வச்சுக்கிட்டே வாடா!” என்று அண்ணன் கத்தியது தவிலில் அவனுக்குக் கேட்டிருக்காது.