சுகர் குறைந்தது, தூக்கம் வந்ததா?

வடகரையில் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை தவறாமல் கிடைக்கிறது. சிகிச்சை நோட்டில் சுகர் அளவும் சரியாக இருக்கிறது. ஆனால் ராத்திரியெல்லாம் உள்ளங்கால் எரிச்சல், தூக்கமில்லை. தட்டை மடியில் வைத்துச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை, கூலி பாதியாகிவிட்டது. இது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இதையும் அளக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1990களில் 15 மையங்களின் துணையோடு வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கியது. அவற்றில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் வலி வேலையைத் தடுத்ததா, தூக்கம் திருப்தியா, கையில் பணம் போதுமா, போக்குவரத்து வசதி எப்படி என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். போக்குவரத்தை ஏன் கேட்க வேண்டும்? தென்காசிக்குப் பஸ் ஏறவே ஆள் துணை வேண்டியவருக்கு, மருந்து இலவசம் என்பது பாதி உதவிதான்.

பதிலை நோயாளியே சொல்ல வேண்டும். கூட வந்த மகள் முந்திக்கொண்டு "நல்லாத்தான் இருக்காங்க டாக்டர்" என்றால் உள்ளே இருக்கும் வலியும் மனச்சோர்வும் மறைந்துபோகும். துபாயிலிருந்து மகன் கேட்டாலும் அம்மா "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்வார். அந்த ஒண்ணுமில்லாத எரிச்சல் மரத்துப்போய், புண் தெரியாமல் முற்றி, காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரைக்கு மட்டுமானதல்ல. பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் அதன்கீழ் வீட்டுக்கே வரும். தேவையானால் கேளுங்கள். அரசு மனநல சிகிச்சை 2017 மனநலச் சட்டப்படி உங்கள் உரிமை; 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சேவையில் குறையிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உச்ச நீதிமன்றம் 1995லேயே இதை உறுதிசெய்துவிட்டது.

நீண்டகால நோயாளியின் ஒவ்வொரு நோட்டிலும் இந்த வாழ்க்கைத் தரக் கேள்விகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியே ஆக வேண்டும். அது வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது தூக்கம், வலி, வேலை, மனம் நான்கும் எப்படி என்று நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.