இரண்டாவது முறை குடிபோதையில் பிடிபட்டால் என்ன ஆகும்?

"ரெண்டு கேன் தானே போட்டேன், ஒண்ணும் ஆகாது." ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ, கல்யாண விருந்து முடிந்து மோட்டார் சாவியைத் தேடும்போது இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ரப்பர் தோட்டக் காலத்தில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. குடித்தவர் தள்ளாடியபடி லயத்துக்கு நடந்தே போய்ச் சேர்வார். (வீட்டுக்குள் நடந்தது வேறு கதை.) இப்போது தோட்டத்து மக்களில் பலர் தாமான்களுக்குக் குடிமாறிவிட்டார்கள். குடிக்கும் இடம் பட்டணத்தில், வீடு வேறெங்கோ. நடுவில் ஒரு வண்டி.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2020 அக்டோபர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம் என்றிருந்த மது வரம்பு 22 ஆகக் குறைந்தது. ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது 50 ஆனது. எத்தனை கேனில் அதைத் தாண்டுவோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கோப்பி குடித்தாலும் எலுமிச்சை சாறு குடித்தாலும் அளவு சீக்கிரம் இறங்காது. ராத்திரி நிறைய குடித்தவர் காலை ஷிப்டுக்குப் போகும்போதும் மாட்டிக்கொள்ளலாம்.

இனி தண்டனை. விபத்தே நடக்காமல், வரம்பைத் தாண்டியதற்கு மட்டும் 45A பிரிவின் கீழ் முதல் முறை 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம். 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பானால் அபராதம் 20,000 முதல் 50,000 ரிங்கிட், சிறை 5 ஆண்டு வரை. முன்பு இரண்டாவது முறை சிக்கியவருக்கே அதிகபட்ச அபராதம் 10,000 ரிங்கிட்தான். அன்றைய உச்சம் இன்று முதல் முறைக்கே ஆரம்பத் தொகை!

உயிர் போனால் 44ஆம் பிரிவு. முதல் முறை 10 முதல் 15 ஆண்டு சிறை, மறுமுறை 15 முதல் 20 ஆண்டு. அபராதம் தனி.

நம் வட்டாரத்தில் பல குடும்பங்களை அதிகம் அடிப்பது லைசென்ஸ் இழப்புதான். 45A பிரிவில் முதல் முறை குறைந்தது 2 ஆண்டு, அடுத்த முறை குறைந்தது 5 ஆண்டு வண்டி ஓட்டத் தடை. லோரி ஓட்டுநருக்கும் தொழிற்சாலை பஸ் ஓட்டுநருக்கும் அது 5 ஆண்டு சம்பளம்.

"எஸ்டேட் ரோடு தானே, போலீஸ் எங்கே வரப்போகுது" என்று நினைக்காதீர்கள். சட்டம் சொல்வது சாலை அல்லது பொது இடம். பொதுமக்கள் போய்வரும் செம்மண் பாதையும் அதில் அடங்கலாம். மோட்டார் சைக்கிளும் வாகனம்தான். நியாயமான காரணமில்லாமல் ஊத மறுப்பதும் குற்றமே.

தண்டனை தெரிந்தும் திரும்பத் திரும்பக் குடித்து ஓட்டுபவரை வெறும் திமிர் பிடித்தவர் என்று தள்ளிவிட முடியாது. பலருக்கு அது குடிநோய். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நீதிமன்றம் வரை காத்திருக்காமல் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் பேசுங்கள். இன்று ராத்திரிக்கு, சாவியை வாங்கி வையுங்கள்.