ஆங்கில எச்சங்களும் காலமும்: தமிழ்ப் பெயரெச்சத்துடன் ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஆங்கில வினையின் 'இங்' ஈற்று வடிவம் 'பிரசன்ட் பார்ட்டிசிப்பிள்' என்றும், 'எட்', 'என்' முதலிய ஈறுகள் பெறும் வடிவம் 'பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்' என்றும் வழங்கப்பெறுகின்றன. இவற்றை நிகழ்கால எச்சம், இறந்தகால எச்சம் எனப் பெயர்த்துக் கற்பிக்கும்பொழுது, அவ்வடிவங்கள் காலம் காட்டுவன என்னும் எண்ணம் தமிழ் மாணவரிடம் எளிதில் தோன்றுகின்றது. தமிழ்ப் பெயரெச்சம் காலம் காட்டுவதே அதற்குக் காரணமாகும். இவ்வெண்ணம் பொருந்தாமையை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஆங்கிலத்தில் காலம்

ஆங்கில வினை தன் வடிவ மாற்றத்தால் காட்டும் காலங்கள் இரண்டே. 'ரைட்ஸ்' நிகழ்காலம்; 'ரோட்' இறந்தகாலம். எதிர்காலம் 'வில்' முதலிய துணைவினைகளால் உணர்த்தப்பெறும். 'ஹி இஸ் ரைட்டிங்', 'ஹி வாஸ் ரைட்டிங்', 'ஹி வில் பி ரைட்டிங்' என்னும் மூன்று தொடர்களிலும் எச்சம் மாறவில்லை. காலத்தைத் துணைவினையே சுமக்கின்றது. 'த லெட்டர் வில் பி ரிட்டன் டுமாரோ' என்பதில், 'இறந்தகால' எச்சம் எனப்படும் வடிவம் நாளைய நிகழ்வைக் குறிக்கும் தொடரில் வருகின்றது.

தமிழ்ப் பெயரெச்சம்

தொல்காப்பியர் செய்யும், செய்த என்னும் இரு வாய்பாடுகளைக் கூற, நன்னூலார் செய்கின்ற என்பதையும் சேர்த்து மூன்றாக்கினார். எழுதிய, எழுதுகின்ற, எழுதும் என்பன முக்காலத்தையும் தனித்தனியே காட்டுகின்றன. ஆயினும் 'எழுதிய' என்னும் ஒரே வடிவம் எழுதிய பெண், எழுதிய கடிதம், எழுதிய பேனா என வினைமுதல், செயப்படுபொருள், கருவி ஆகிய மூன்றையும் தழுவுகின்றது.

ஆங்கிலத்தில் எழுதும் பெண்ணுக்கு 'ரைட்டிங்' என்பதும், எழுதப்பட்ட கடிதத்திற்கு 'ரிட்டன்' என்பதும் அடையாகும். ஆகவே தமிழ் எச்சம் காலத்தை வேறுபடுத்த, ஆங்கில எச்சம் செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் வேறுபாட்டைக் காட்டுகின்றது. 'ஃபாலிங் லீவ்ஸ்', 'ஃபாலன் லீவ்ஸ்' போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளில் அவ்வேறுபாடு தொடர்ச்சி, நிறைவு என அமையும்.

மொழிபெயர்ப்பில் விளைவு

'த மேன் ஸ்டாண்டிங் அட் த டோர் வாஸ் மை டீச்சர்' என்பதை 'வாயிலில் நிற்கின்ற மனிதர்' எனத் தொடங்கிப் பெயர்ப்பது பிழையாகலாம். 'வாஸ்' என்னும் முற்றை நோக்கி, 'நின்றுகொண்டிருந்த' எனக் கொள்வதே பெரும்பாலும் பொருந்தும். மறுதலையாக, 'நேற்று வந்த மாணவன்' என்பதற்கு ஆங்கிலத்தில் எச்ச அடை அமையாது. 'த ஸ்டூடண்ட் ஹூ கேம் யெஸ்டர்டே' எனக் காலம் காட்டும் முற்றுவினை கொண்ட துணைத்தொடரே வேண்டும்.

முடிவுரை

ஆங்கில எச்சங்களைக் காலப்பெயரால் சுட்டாமல் 'இங்' எச்சம், 'என்' எச்சம் என வடிவப்பெயரால் சுட்டுவது இம்மயக்கத்தைக் குறைக்கும். எச்சத்தைக் காணும் மாணவர் முதலில் முற்றுவினையில் காலத்தையும், பின்னர் எச்சத்திற்கும் பெயருக்கும் உள்ள உறவையும் நோக்கப் பழகுதல் வேண்டும். தம் மொழியின் பெயரெச்சத்தைத் தெளிவாக அறிந்த மாணவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும் என்பதால், ஆங்கில இலக்கண வகுப்பில் தமிழ் இலக்கணம் துணையாகவே அமையும்.