பழைய பொம்மை ரயில் கிடைத்ததா? அவசரப்பட்டு பிளக்கில் செருகாதீர்கள்

அலமாரியின் அடியிலோ, தாத்தா விட்டுச் சென்ற தகரப் பெட்டியிலோ பழைய பொம்மை ரயில் ஒன்று கிடைத்தால், பலர் முதலில் செய்வது அதை மின்சாரத்தில் செருகி ஓட்டிப் பார்ப்பதுதான். ஐம்பது அறுபது ஆண்டுகள் உடையாமல் இருந்த இஞ்சின் அந்த ஐந்து நிமிடத்தில் கருகிப் போவதுண்டு.

நம் நாட்டில் ரயிலோடு தமிழர்களுக்கு உள்ள உறவு பழையது. 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பிறகு தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்குப் பொம்மை ரயில் மீது தனி ஆசை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பழம்பொருள் சந்தைகளில் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் நாட்டுத் தயாரிப்புகள். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேறு.

ஜெர்மனியின் மார்க்லின், அமெரிக்காவின் லயனல் ஆகியவற்றின் பழைய ரயில்கள் ஏசி மின்சாரத்தில் ஓடுபவை. பிரிட்டனின் ஹார்ன்பி, ஜப்பானின் கேட்டோ, டோமிக்ஸ் போன்றவை 12 வோல்ட் டிசி மின்சாரத்தில் ஓடுகின்றன. டிசி மோட்டாருக்கு ஏசி மின்சாரம் கொடுத்தால் சக்கரம் சுற்றாது. மோட்டார் ரீங்காரமிட்டபடி சூடேறும், பிறகு புகை வரும். நடுவில் மூன்றாவது கம்பி ஓடினால் அது ஏசிதான் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. 1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோவுக்கும் மூன்று கம்பிகள் உண்டு, ஆனால் அது டிசி. எனவே இஞ்சினின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் பெயரைப் படித்து, இன்ன வகை என்று உறுதி செய்துகொள்வதே முதல் வேலை.

அடுத்த ஆபத்து சுவரில் இருக்கிறது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230. அந்த நாடுகளுக்கென்று செய்த டிரான்ஸ்ஃபார்மரைப் பிளக் மாற்றி இங்கே செருகினால் ரயிலோடு வீட்டுக்கும் ஆபத்து. 230 வோல்ட்டுக்கே செய்ததாக இருந்தாலும், பழைய ஒயரின் ரப்பர் உறை வெடித்து உதிர்ந்திருக்கக் கூடும். பழைய டிரான்ஸ்ஃபார்மரை அழகுக்கு வைத்துக்கொண்டு, அந்த ரயிலின் வகைக்கேற்ற புதிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சாவி கொடுத்து ஓட்டும் ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் வெளியிட்ட முதல் ரயில்கள் இந்த வகையே. ஆனால் சுருள்வில் இருக்கும் கூட்டைப் பழக்கமில்லாதவர்கள் பிரிக்கக் கூடாது. இறுகிய வில் பாய்ந்து வந்தால் விரலைக் கிழித்துவிடும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பழைய இஞ்சின்களின் உடலும் சக்கரங்களும் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. வார்க்கும்போது அதில் சிறிதளவு காரீயம் கலந்துவிட்டிருந்தால், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். முதலில் மயிரிழை போன்ற விரிசல்கள், பிறகு வீக்கம், கடைசியில் பிஸ்கட்டைப் போல உதிரும். போருக்கு முந்தைய டப்ளோ ரயில்கள் இதற்குப் பேர்போனவை. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும் என்பதால் நம் ஊர் வானிலை அதற்குச் சாதகம். சந்தையில் விலை பேசுவதற்கு முன் சக்கரங்களையும் அடித்தட்டையும் கைத்தொலைபேசி விளக்கில் உற்றுப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

உடல் நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி அழுக்குதான். சக்கரத்திலும் தண்டவாளத்திலும் படிந்த கறுப்புப் பிசுக்கை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடைத்தாலே பாதி ரயில்கள் எழுந்துவிடும். மணல் தாள் கூடாது. அது போடும் கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாகச் சேரும். சமையலறைத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளடைவில் பசையாகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெயை ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து அச்சில் வைத்தால் போதும். மோட்டாரில் தேய்ந்துபோன கார்பன் துண்டுகளை மாற்றலாம், பல வகைகளுக்குப் புதியவை இன்னும் இணையத்தில் விற்கின்றன. பழைய மோட்டாரின் காந்தத்தை மட்டும் கழற்றாமல் விடுவது நல்லது. கழற்றினால் அதன் வலு குறைந்து, இஞ்சின் பெட்டிகளை இழுக்கத் திணறும்.

புதிய சாயம் பூசும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். உரிந்த சாயமானாலும் அசலுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு. மூல அட்டைப் பெட்டி இருந்தால் மதிப்பு மேலும் கூடும். அதே நேரம், பழைய தகரப் பொம்மைகளின் சாயத்தில் ஈயம் இருக்கக் கூடும். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் அவற்றைத் தரவே கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் ஜப்பானின் பிளாரெயில் இருக்கிறது. நீலப் பிளாஸ்டிக் தண்டவாளம், ஒரு சிறிய பேட்டரி, அவ்வளவே. 1959இல் தொடங்கிய இந்த வரிசையின் தண்டவாள அளவு இன்றுவரை மாறவில்லை; அப்பா விளையாடிய பழைய வட்டத்தோடு மகனின் புதுத் துண்டு பொருந்திவிடும். விளையாடி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்து வெள்ளைப் பொடி பூத்துவிட்டால், கையுறை போட்டு, காடி தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும்.

தாத்தா வேலை செய்த மலாயா ரயிலையே மாதிரியாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம், உண்மையில் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பியப் பாதையின் 87இல் ஒரு பங்கு. நம் பாதையின் அகலமோ 1 மீட்டர்தான். அதே கணக்கில் சுருக்கினால் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் வரும். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் 1 மீட்டர் பாதையில் ஓடுவதால், அவற்றின் மாதிரிகளுக்கென 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கப்படுகிறது. அதை வாங்கிப் போட்டு, இஞ்சினையும் பெட்டிகளையும் பழைய படங்களைப் பார்த்துப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.