முள் குத்திய இடம் ஏன் வீங்குகிறது?

காலில் முள் தைத்த சிறிது நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது. இந்த நான்கு அறிகுறிகளையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் குறித்துவைத்தார். இதுதான் அழற்சி.

எப்படி நடக்கிறது? தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும். அவற்றின் சுவர் வழியே நீர் கசிவதால் வீக்கம். கூடவே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வெளியேறி, கிருமிகளை விழுங்குகின்றன. இந்த வெள்ளணுக்கள் செத்துக் குவிந்தால் அதுவே சீழ். வேலை முடிந்தால் சில நாட்களில் எல்லாம் வடிந்துவிடும்.

சில சமயம் ஏன் அடங்குவதில்லை? தூண்டுதல் நீங்காததால்தான். பல்லில் படிந்த காரை, புகையிலைப் புகை, சொந்த மூட்டையே தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் ஆகியவை உதாரணங்கள். அப்போது மேக்ரோஃபேஜ், லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்கள் மாதக்கணக்கில் தங்கி, நல்ல திசுவையும் அரிக்கின்றன. முடக்குவாதத்தில் மூட்டு சிதைவது இப்படித்தான். இதயத் தமனியில் இந்த அழற்சி வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கலாம்.

சிஆர்பி ரத்தப் பரிசோதனை, அழற்சி இருப்பதைக் காட்டும். எங்கே என்று காட்டாது. ஈறில் ரத்தக் கசிவோ, காலை நேர மூட்டு விறைப்போ வாரக்கணக்கில் நீடித்தால், நீங்களாக வலி மாத்திரை வாங்கி விழுங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.